கண்ணாடிப் படகுக்கு அடிபட்டால்... காரைக்கால் கரையில் ஒரு கணக்கு

விடிந்தும் விடியாத நேரத்தில் காரைக்கால் கடற்கரைக் கிராமம் எதிலாவது நின்று பாருங்கள். கிளிஞ்சல்மேடோ, பட்டினச்சேரியோ, அக்கம்பேட்டையோ, எந்த ஊரானாலும் சரி. இரவு வலை விட்டுத் திரும்பும் ஃபைபர் படகு, கரைக்குச் சற்றுத் தள்ளி எஞ்சின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கும். பின்னால் ஒரு பெரிய அலை எழும்பும்போது எஞ்சின் மறுபடி உறுமும். அலையின் முதுகில் ஏறிய படகு அதே வேகத்தில் வந்து மணலில் 'தொப்'பென்று மோதி நிற்கும். மீன் கூடைகளோடு நிற்பவர்கள் அந்தச் சத்தத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தினமும் கேட்கிற சத்தம்தானே.

ஆனால் படகு ஒவ்வொரு நாளும் வாங்குகிற அடி அது. ஆண்டுக்கு 200 நாள் கடலுக்குப் போனால் 200 அடி. அதுபோக முகத்துவாரத்துக் கருங்கல், கட்டிவைத்த இடத்தில் பக்கத்துப் படகு, மிதந்து வரும் மரக்கட்டை, கரைக்கு இழுக்கும் டிராக்டர் என்று எல்லோரிடமும் அது அடி வாங்குகிறது. இத்தனையும் தாங்குவது மரமா, இரும்பா என்றால் இரண்டும் இல்லை. கண்ணாடி!

ஆம், ஃபைபர் என்று நாம் சுருக்கமாகச் சொல்வது கண்ணாடி இழைதான். கை தவறினால் சிதறும் அதே கண்ணாடியை முடியை விட மெல்லிய இழையாக இழுத்து, ரெசினில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டினால் படகு. நான்கைந்து குடும்பங்களின் சாப்பாடும் உயிரும் ஆறேழு மில்லிமீட்டர் கனமுள்ள அந்தச் சுவரை நம்பியிருக்கின்றன.

கட்டுமரம் போன கதை

மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே புதுச்சேரி மாநிலத்தின் ஒரு துண்டாக இருக்கிறது காரைக்கால். கடற்கரை சுமார் 20 கிலோமீட்டர்தான். காவிரியின் கிளையான அரசலாறு ஊரைத் தொட்டுக்கொண்டு போய்க் கடலில் கலக்கிறது. டெல்டா மண் என்பதால் கரையில் பாறை இல்லை. மணல், மணலைத் தாண்டினால் அலை. துறைமுகம் இல்லாத கரையில் அலையை நேருக்கு நேர் தாண்டித்தான் கடலுக்குப் போகவேண்டும், வரவேண்டும். அதற்காகவே பிறந்தது கட்டுமரம்.

இலேசான மரங்களைச் சீவி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டினால் முடிந்தது. (ஆங்கிலேயர்கள் பெயரை மட்டும் 'கேட்டமரான்' என்று எடுத்துப்போய், இன்று இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்கு வைத்திருக்கிறார்கள். நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் உருவத்தில் சம்பந்தமே இல்லை.) அடி தாங்குவதில் கட்டுமரம் ஒரு கெட்டிக்காரன். மணலில் மோதினால் கயிற்றுக் கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அடியின் வேகம் அந்த நெகிழ்விலேயே கரைந்துவிடும். மரம் விரிசல் விட்டாலும் மிதப்பது நிற்காது. உள்ளே நீர் புகுந்து மூழ்க, அதற்கு 'உள்ளே' என்று ஓர் இடமே கிடையாது.

ஆனால் அதில் வெகுதூரம் போக முடியாது, அதிக வலை ஏற்ற முடியாது, பிடித்த மீனைக் குவிக்கவும் இடமில்லை. சென்னையை மையமாகக் கொண்டு ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம், 1980-களிலேயே இந்தக் கரைக்கு ஏற்ற, அலையைத் தாண்டி மணலில் ஏறக்கூடிய புதுப் படகுகளை வடிவமைத்துச் சோதித்துப் பார்த்தது. ஃபைபர் படகு மெல்ல மெல்ல ஊருக்குள் வந்துகொண்டுதான் இருந்தது.

2004 டிசம்பர் 26 அந்த 'மெல்ல'வை முடித்துவைத்தது. சுனாமி காரைக்கால் மீனவக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. கட்டுமரங்கள் ஊருக்குள் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தன. நிவாரணம் வந்தபோது தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் கொடுத்தது ஃபைபர் படகுகளைத்தான். அச்சு இருந்தால் போதும், ஒன்றன்பின் ஒன்றாக வார்த்து எடுக்கலாம் என்பதே காரணம். தமிழகக் கரை முழுக்கப் படகுப் பட்டறைகள் திடீரென முளைத்தன. அவசரத்தில் எல்லோரும் ஒரே தரத்தில் கட்டவில்லை. சில படகுகள் சீக்கிரமே வெடிப்பு விட்டன என்ற புகார் எழுந்தது. தரம் பற்றிய கேள்விகள் வலுத்தபிறகு, ஃபைபர் படகு எப்படிக் கட்டவேண்டும் என்று படம் போட்டு விளக்கும் கையேட்டையே உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிட்டது.

அப்படியென்றால் நல்ல ஃபைபருக்கும் மோசமான ஃபைபருக்கும் என்ன வித்தியாசம்? பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தானே பளபளக்கும்?

வைக்கோலும் மண்ணும்

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மண் சுவர் எழுப்பும்போது மண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதிப்பார்கள். தனி மண் காய்ந்தால் வெடிக்கும். தனி வைக்கோல் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் சுவர். ஃபைபர் படகில் மண்ணின் வேலையை ரெசின் செய்கிறது, வைக்கோலின் வேலையைக் கண்ணாடி இழை செய்கிறது.

கண்ணாடி ஏன் இழையானதும் பலசாலி ஆகிறது? 1920-ல் ஏ.ஏ.கிரிஃபித் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் கண்ணாடி இழைகளை இழுத்து உடைத்துப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார். ஒரு பொருள் உடைவது அதில் ஏற்கெனவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இருந்துதான். கண்ணாடிப் பலகையில் அப்படிப்பட்ட கீறல்கள் ஏராளம். இழை மெலிய மெலிய, பெரிய கீறலுக்கு அதில் இடமே இருக்காது. அதனால் பலம் பல மடங்கு ஏறுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. ஆயிரம் இழைகளில் ஒன்று அறுந்தால் விரிசல் அங்கேயே நின்றுவிடும். பக்கத்து இழைக்குத் தாவ, நடுவில் இருக்கும் ரெசினைத் தாண்டவேண்டுமே!

பட்டறையில் இழை இரண்டு உருவத்தில் வருகிறது. துண்டு துண்டாக வெட்டிய இழைகளைத் தாறுமாறாகப் பரப்பி ஒட்டியது 'மேட்'. பாய்போலக் குறுக்கும் நெடுக்குமாக நெய்தது 'ரோவிங்'. அச்சின் உள்பக்கம் முதலில் வண்ணம் கலந்த 'ஜெல்கோட்' பூசுவார்கள். நீங்கள் வெளியில் பார்க்கும் பளபளப்பு அதுதான். பிறகு மேட், ரோவிங் என்று மாற்றி மாற்றி வைத்து, ரெசின் தடவி, உருளையால் உருட்டி உருட்டிக் காற்றை வெளியேற்றுவார்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு என்றால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் கிடைக்கும். ரெசின் இறுக இரண்டு மருந்துகள் கலக்கவேண்டும்: கோபால்ட், கேட்டலிஸ்ட். முதலில் ஒன்றை ரெசினில் கலக்கிவிட்டுத்தான் மற்றதைச் சேர்க்கவேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

அடியின் கணக்கு

ஆட்கள், வலை, எஞ்சின், மீன் எல்லாம் சேர்த்து ஒரு படகின் எடை 1 டன் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், அதாவது வேகமாக நடக்கும் மனிதனைவிடச் சற்றே கூடுதல் வேகத்தில், அது எதிலாவது மோதினால் அடியின் ஆற்றல் 2,000 ஜூல். ஒரு சிமென்ட் மூட்டையை 4 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மாடி வீட்டின் மொட்டை மாடியில் இருந்து, கீழே போடுவதற்குச் சமம். வேகம் இரட்டித்து விநாடிக்கு 4 மீட்டர் ஆனால் ஆற்றல் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. இப்போது அந்த சிமென்ட் மூட்டை 16 மீட்டர் உயரத்தில் இருந்து விழுகிறது. ஐந்து மாடிக் கட்டடம்!

மோதுவது மணலில் என்றால் பெரும் பகுதி ஆற்றலை மணலே வாங்கிக்கொள்ளும். அடியும் படகின் அடிப்பகுதி முழுக்கப் பரவிவிடும். முகத்துவாரத்துக் கருங்கல்லின் முனை என்றால் அத்தனையும் உள்ளங்கை அகல இடத்தில் இறங்கும்.

இரும்புத் தகடு அடிபட்டால் நசுங்கும். நசுங்குவதே அது ஆற்றலை விழுங்கும் விதம். மோதிய காரைப் பார்த்தாலே எங்கே, எவ்வளவு அடி என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? ஃபைபருக்கு நசுங்கத் தெரியாது. அடிபட்ட இடம் உள்ளே வளைந்து, மறுகணமே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். வெளியே பார்த்தால் ஜெல்கோட்டில் சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் இருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது. ஆனால் வாங்கிய ஆற்றல் எங்கேயாவது போயாகவேண்டுமே! அது சுவருக்குள்ளே போகிறது. முதலில் ரெசின் விரிசல் விடுகிறது. கண்ணாடி இழை நூற்றுக்கு நான்கைந்து பங்கு நீண்ட பிறகே அறும்; சாதாரண பாலியெஸ்டர் ரெசினோ 2 பங்கு நீள்வதற்குள் வெடித்துவிடும். அடுத்து அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. ஈரத்தில் கிடந்த பிளைவுட் பிரிவதுபோல. கடைசியில்தான் இழைகள் அறுகின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடி விழுந்த வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் போகப் போகத்தான் சேதம் விரிந்துகொண்டே போகும். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடம் தெரிந்தால், உள்ளே ஒரு தோசை அளவுக்கு அடுக்கு பிரிந்திருக்கலாம். பிரிந்த அடுக்குகளைக்கொண்ட சுவர், இழுத்தால் ஓரளவு தாங்கும், அமுக்கினால் மடங்கிவிடும். கடலில் படகின் அடிப்பகுதியை ஒவ்வோர் அலையும் அமுக்கி அமுக்கி விடுகிறது. விரிசல் வழியே உப்புநீர் ஊறுகிறது. பிரிவு வளர்கிறது. அடிபட்டது தை மாதமாக இருக்கலாம். படகு பிளப்பது ஐப்பசியின் ஒரு இரவாக இருக்கலாம், கரையே தெரியாத தூரத்தில்.

கல்பனா சாவ்லாவும் அதே காயமும்

மீனவர் படகை விடுங்கள். உலகின் மிகப்பெரிய பொறியாளர் கூட்டம் கண்காணித்த ஒரு வாகனத்திலேயே இழைக் கலவைப் பொருளின் மீது விழுந்த அடி கணிக்கப்படாமல் போனது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பி 82 விநாடிகள் ஆகியிருந்தன. எரிபொருள் தொட்டியின் மேல் பூசியிருந்த நுரைப் பஞ்சு ஒரு துண்டு பெயர்ந்து, இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அந்த விளிம்பு கார்பன் இழையைக் கார்பனிலேயே பதித்துச் செய்த பொருள். துண்டின் எடை முக்கால் கிலோதான். ஆனால் மோதிய வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல். படகுக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டால் சுமார் 20,000 ஜூல்.

மோதியதை வீடியோவில் பார்த்தார்கள். 'நுரைப் பஞ்சுதானே' என்ற எண்ணம் வென்றது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது அந்த ஓட்டை வழியே அனல் புகுந்தது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் விசாரணைக் குழு டெக்சாஸில் ஒரு சோதனை நடத்தியது. நிஜமான இறக்கை விளிம்பு ஒன்றின் மீது அதே எடை நுரைத் துண்டை அதே வேகத்தில் எறிந்தார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி இழைக் கலவைதான். நம்முடைய தேஜஸ் போர் விமானத்திலும் அதன் பங்கு பெரிது. பராமரிப்புக் கூடத்தில் ஒரு ஸ்பேனர் கை தவறி இறக்கையில் விழுந்தாலும் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. 'கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அடி' என்பதற்கு விமானத் துறையில் தனி விதிகளே உண்டு. அவர்களிடம் அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கிறது. ஆனாலும் முதல் சோதனையாகப் பல இடங்களில் இன்றைக்கும் செய்வது என்ன தெரியுமா? நாணயத்தால் தட்டிப் பார்ப்பது!

தர்பூசணியைத் தட்டி வாங்குகிற, மண்பானையைச் சுண்டிப் பார்க்கிற அதே வேலை. நன்றாக ஒட்டிய இடம் 'டங்' என்று தெளிவாகச் சொல்லும். அடுக்கு பிரிந்த இடம் 'டொக்' என்று செத்த சத்தம் தரும். சிறு சுத்தியலோ, ஐந்து ரூபாய் நாணயமோ போதும். அணியத்தில் இருந்து அமரம் வரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டால் காயத்தின் வரைபடமே கிடைத்துவிடும்.

எங்கே ஏமாறுகிறார்கள்?

ரெசின் கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மை நேர் எதிர். பலம் இழையில்தான் இருக்கிறது. மேட் அடுக்கில் எடைக்கு மூன்றில் ஒரு பங்காவது கண்ணாடி இருக்கவேண்டும். ரெசின் குளம்போலத் தேங்கிய இடம் அடிபட்டால் பிஸ்கட் மாதிரி உடையும். ரெசின் குறைந்தாலும் ஆபத்து. நனையாத இழை காய்ந்த வைக்கோல்தான்.

இரண்டாவது ஏமாற்று, கனம். விலையைக் குறைக்க ஓர் அடுக்கைக் குறைப்பது யாருக்கும் தெரியாது. ஆனால் சுவரின் விறைப்பு கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. கனத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் விறைப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். படகு வாங்கப் போகிறவர், எஞ்சின் பொருத்தவோ குழாய் விடவோ துளை போடும் இடத்தில் வெட்டுமுகத்தைப் பார்த்தால் கனமும் தெரியும், காற்றுக் குமிழ்களும் தெரியும். வெட்டி எடுத்த துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, பட்டி. விரிசலில் பட்டி அடைத்துப் பெயின்ட் பூசிவிட்டால் கண்ணுக்கு நிம்மதி. பட்டியில் நீள இழை கிடையாது, பலமும் கிடையாது. சரியான வைத்தியம் வேறு. பிரிந்த அடுக்கை எல்லாம் நல்ல சத்தம் வரும் இடம்வரை தேய்த்து எடுக்கவேண்டும். நன்றாகக் காயவிடவேண்டும். ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாகச் சீவவேண்டும். கனத்தைப்போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவு இருப்பது நல்லது. 6 மில்லிமீட்டர் சுவர் என்றால் சுற்றிலும் ஏறக்குறைய நான்கு விரற்கடை. பிறகு சிறிய ஒட்டு, அதைவிடப் பெரிய ஒட்டு என்று அடுக்கு அடுக்காகப் புது மேட் வைத்துக் கட்டவேண்டும். ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். மூன்று நாள் கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற வீட்டில் பட்டிதான் ஜெயிக்கிறது. இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது.

கட்டுமரத்தில் இல்லாத இன்னொரு கவலையும் இருக்கிறது. ஃபைபர், தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தி கொண்டது. நீர் நிறைந்தால் கல்லாக மூழ்கும். அதனால்தான் அணியத்திலும் அமரத்திலும் பலகைக்கு அடியிலும் நுரைக்கட்டி நிரப்பிய மூடிய அறைகள் வைக்கிறார்கள். படகு கவிழ்ந்தாலும் பிளந்தாலும் பிடித்துக்கொண்டு மிதக்க அதுதான் துணை. சாமான் வைக்க இடம் வேண்டும் என்று அந்த அறையை உடைத்துத் திறந்துகொள்வது சில இடங்களில் நடக்கிறது. அதைவிடப் பெரிய தவறு இல்லை.

கண்ணாடிக்குப் பதில் வேறு இழை போட்டால்? கார்பன் இழை விறைப்பில் ராஜா. ஆனால் அடி தாங்குவதில் கண்ணாடியைவிட நொய்மை, விலையும் யானை விலை. 1965-ல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லார் குண்டையே தடுக்கும். மீனவரின் பட்ஜெட்டுக்குள் வராது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் வாழை நார், தென்னை நார், சணல் இவற்றை ரெசினில் பதித்துச் சுத்தியலால் அடித்துச் சோதிக்கும் ஆய்வுகள் நிறைய நடக்கின்றன. தென்னை நாருக்குக் கண்ணாடியின் பலம் இல்லை. ஆனால் அறுவதற்கு முன் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் நீளும். நீண்டு நீண்டே அடியை வாங்கிக்கொள்ளும். கட்டுமரத்தைக் கட்டிய கயிறும் தென்னை நார்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நீரை உறிஞ்சி ஊறிப்போவதுதான் இயற்கை நாரின் பெரிய குறை. அதனால் இருக்கை, மூடி, பெட்டி போன்றவற்றுக்கு அது பரவாயில்லை. கடல்நீரில் கிடக்கும் அடிப்பகுதிக்கு இப்போதைக்குக் கண்ணாடிதான்.

ஆயுள் முடிந்த ஃபைபர் படகுக்குப் போக்கிடமும் இல்லை. மரப்படகு அடுப்புக்குப் போகும், இரும்பு காயலான் கடைக்குப் போகும். இறுகிய ரெசினை மறுபடி உருக்க முடியாது; எரித்தால் நச்சுப் புகை. சவுக்குத் தோப்பு ஓரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் கவிழ்ந்து கிடக்கும் பழைய படகுகள் அப்படியே கிடக்கின்றன.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது அரசலாற்று ஓரத்தில் விசைப்படகுகள் வரிசையாக ஓய்வெடுக்கும். ஊரெங்கும் பழுதுபார்க்கும் வேலை நடக்கும். மணலில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுகளைச் சுற்றி ரெசின் வாசனை தூக்கும். அந்த வாசனை மூளைக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளும் தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது.

படகின் முதுகெலும்பான ஏராவின் மேல் மட்டும் கூடுதலாக இரண்டு மூன்று அடுக்கு போடுவார்கள். அதற்கு அழகும் கிடையாது, வேகமும் தராது. தினமும் மணலில் தேய்ந்து தீர்ந்துபோவதற்காகவே போடுவது. அடுத்த தடைக்காலத்தில் அது தேய்ந்திருக்கும், மறுபடி போடுவார்கள்.